மருத்துவமனை அனுப்பிய மின்னஞ்சல் எங்கே போனது?

நோயாளி வீடு திரும்பும் நாளிலேயே அவருடைய எல்லாப் பரிசோதனைகளும் முடிந்துவிடுவதில்லை. இரத்தத்திலோ சிறுநீரிலோ கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கு இரண்டு மூன்று நாட்களாவது வேண்டும். திசுவை எடுத்து ஆராயும் பயாப்ஸி பரிசோதனைக்கு ஒரு வாரம் வரை ஆகலாம். சிறப்புச் சாயங்கள் இட்டுப் பார்க்க நேர்ந்தால் அதற்கு மேலும் ஆகும். காசநோய்க் கிருமியைத் திரவ ஊடகத்தில் வளர்த்துப் பார்க்கும் சோதனையில், கிருமி இல்லை என்று உறுதியாகச் சொல்வதற்கு ஆறு வாரங்கள் காத்திருக்க வேண்டும்.

இந்த முடிவுகள் சிறியவை அல்ல. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் இரண்டு மருத்துவமனைகளில் நடத்தப்பட்டு 2005ஆம் ஆண்டு வெளியான ஆய்வு ஒன்றில், வீடு திரும்பிய 2,644 நோயாளிகளுள் 1,095 பேருக்கு, அதாவது 41 விழுக்காட்டினருக்கு, ஏதேனும் ஒரு பரிசோதனை முடிவு அவர்கள் சென்ற பின்னரே வந்தது தெரியவந்தது. அப்படி வந்த முடிவுகளுள் ஏறத்தாழ பத்தில் ஒன்று, சிகிச்சையை மாற்ற வேண்டிய தேவையைக் காட்டக்கூடியதாக இருந்தது. கொடுத்த ஆன்டிபயாடிக் அந்தக் கிருமிக்குப் பயன்படாது என்பதோ, சாதாரணக் கட்டி என்று எண்ணியது வேறு என்பதோ இத்தகைய முடிவுகளில்தான் வெளிப்படும்.

முன்பு இவற்றைக் கையில் வாங்குவதற்காகவே உறவினர் ஒருவர் மருத்துவமனைக்கு வர வேண்டியிருந்தது. இன்று அறிக்கைகள் பெரும்பாலும் மின்னஞ்சலில் செல்கின்றன. ஜமுனாமரத்தூரிலிருந்தோ வந்தவாசியிலிருந்தோ ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பேருந்தேறி வரும் அலைச்சல் இதனால் குறைந்திருக்கிறது. வேலூருக்கோ சென்னைக்கோ புதுச்சேரிக்கோ மேல்சிகிச்சைக்குப் பதிவு செய்தவர்களுக்கும் தேதியும் நேரமும் அவ்வாறே வருகின்றன. காப்பீட்டு நிறுவனம் கேட்கும் விளக்கங்களும் அப்படியே. ஆனால் அனுப்பிய கடிதம் உங்கள் கண்ணில் படாமல் ‘ஸ்பேம்’ என்னும் பெட்டிக்குள் சென்று கிடந்தால், அனுப்பியவர் சேர்ந்துவிட்டது என்று நினைப்பார். நீங்கள் வரவேயில்லை என்று நினைப்பீர்கள். “தகவல் ஒன்றும் வரவில்லை, அப்படியானால் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும்” என்று குடும்பத்தார் மனம் ஆறுதல் கொள்வது இயல்பு. தகவல் வராதது நலத்திற்குச் சான்றாகாது என்பதை விளக்கவும், அவ்வாறு மறைந்த கடிதத்தை மீட்கும் வழியைச் சொல்லவும் இக்கட்டுரையை எழுதுகிறோம்.

ஸ்பேம் என்பது என்ன?

கேட்காமல் வந்து குவியும் விளம்பரங்களுக்கும் மோசடிக் கடிதங்களுக்கும் ஸ்பேம் என்று பெயர். ஸ்பேம் என்பது 1937ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவில் விற்பனையாகும் டப்பா இறைச்சி ஒன்றின் பெயர். 1970ஆம் ஆண்டு பிரிட்டிஷ் தொலைக்காட்சி நகைச்சுவைக் காட்சி ஒன்றில், உணவகத்தின் எல்லாப் பண்டங்களிலும் அந்த இறைச்சியே வந்து நிற்கும். அச்சொல்லே திரும்பத் திரும்ப ஒலித்து மற்றவர் பேச்சை அமுக்கிவிடும். வேண்டாத கடிதங்கள் வேண்டிய கடிதங்களை அமுக்குவதால் இப்பெயர் அவற்றுக்கு ஒட்டிக்கொண்டது.

இத்தகைய முதல் கடிதம் 1978ஆம் ஆண்டு மே 3ஆம் நாள் அனுப்பப்பட்டதாகக் குறிப்பிடுவர். கணினி நிறுவனம் ஒன்றின் விற்பனை அலுவலர், இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் வலையமைப்பில் இருந்த ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். இன்றோ கோடிக்கணக்கில் வருகின்றன. அவற்றை மனிதர் ஒவ்வொன்றாகப் பிரிப்பது இயலாது. ஆகவே ஜிமெயில், யாகூ, அவுட்லுக் போன்ற சேவைகள் தாமாகவே கடிதங்களைச் சலித்து, ஐயத்துக்குரியவற்றைத் தனிப்பெட்டியில் ஒதுக்குகின்றன. சலிக்கும் இந்தக் கருவியையே வடிகட்டி என்கிறோம்.

வடிகட்டியும் ஒரு பரிசோதனைதான்

மருத்துவர்களாகிய எங்களுக்கு இந்த வடிகட்டி புதிய பொருளாகத் தோன்றவில்லை. நோய் இருக்கிறதா என்று முதற்கட்டமாகச் சலித்துப் பார்க்கும் பரிசோதனை எவ்வாறு வேலை செய்கிறதோ, அவ்வாறே இதுவும் வேலை செய்கிறது. எந்தச் சலிப்புப் பரிசோதனையிலும் இருவகைத் தவறுகள் நேரும். நோய் உள்ளவரை இல்லாதவர் என்று விட்டுவிடுவது ஒன்று. நோய் இல்லாதவரை உள்ளவர் என்று காட்டுவது மற்றொன்று. ஒன்றைக் குறைக்க முயன்றால் மற்றொன்று கூடும். ஒரு நோயாளியையும் தவறவிடக் கூடாது என்று பரிசோதனையைக் கடுமையாக்கினால், நலமாக இருப்பவர் சிலரும் அதில் சிக்குவர்.

ஆகவேதான் முதற்சோதனை ஒன்றை மட்டும் வைத்து நாங்கள் நோயை முடிவு செய்வதில்லை. எச்.ஐ.வி. பரிசோதனையில் முதல் சோதனை ஐயத்தைக் காட்டினால், வேறு வகைச் சோதனைகளும் அதையே உறுதி செய்த பிறகே நோயாளியிடம் முடிவைச் சொல்கிறோம். ஸ்பேம் பெட்டியில் விழுந்த கடிதமும் அப்படித்தான். ஐயத்தின்பேரில் ஒதுக்கப்பட்டது, இன்னும் உறுதி செய்யப்படவில்லை. உறுதி செய்ய வேண்டியவர் நீங்கள்.

கணக்கிற்காக ஓர் எடுத்துக்காட்டு கொள்வோம். உங்கள் முகவரிக்கு 1,000 மின்னஞ்சல்கள் வருகின்றன. அவற்றுள் 600 குப்பை, 400 நல்லவை. குப்பையில் 99 விழுக்காட்டைப் பிடிக்கும் வடிகட்டி, நல்லவற்றுள் 1 விழுக்காட்டைத் தவறாகப் பிடிப்பதாகக் கொள்வோம். ஸ்பேம் பெட்டியில் 594 குப்பைக் கடிதங்களும் 4 நல்ல கடிதங்களும் இருக்கும். இன்பாக்ஸில் 396 நல்ல கடிதங்களும் 6 குப்பைக் கடிதங்களும் இருக்கும்.

இந்தக் கணக்கிலிருந்து மூன்று பாடங்கள் கிடைக்கின்றன. ஸ்பேம் பெட்டியில் உள்ளவை ஏறக்குறைய எல்லாமே குப்பைதான். ஆகவே அங்கே கவனத்தோடு கை வைக்க வேண்டும். ஆயினும் அந்த நான்கில் ஒன்று பயாப்ஸி முடிவாக இருக்கலாம். ஆகவே பார்க்காமலும் விடக் கூடாது. இன்பாக்ஸிலும் மோசடிக் கடிதம் நுழையக்கூடும். ஆகவே ஒரு கடிதம் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பதை மட்டும் வைத்து அதன் உண்மையை முடிவு செய்யக் கூடாது.

இந்த ஒப்புமைக்கு வரலாறும் துணை நிற்கிறது. பரிசோதனை முடிவைக் கொண்டு நோயின் வாய்ப்பை மதிப்பிட மருத்துவம் பயன்படுத்தும் கணிதவிதி, தாமஸ் பேய்ஸ் என்னும் ஆங்கிலேயப் பாதிரியாரின் பெயரால் வழங்குவது. அவர் மறைந்த பிறகு 1763ஆம் ஆண்டு வெளியானது. 2002ஆம் ஆண்டு பால் கிரகாம் என்னும் கணினி வல்லுநர், அதே விதியைக் கொண்டு ஸ்பேமைப் பிரிக்கும் முறையை ஒரு கட்டுரையில் விளக்கினார். அது பரவலாகப் பின்பற்றப்பட்டது. குப்பைக் கடிதங்களில் எந்தச் சொற்கள் மிகுதி, நல்ல கடிதங்களில் எவை மிகுதி என்று எண்ணி, புதிய கடிதம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று கணிப்பதே அம்முறை. இன்றைய வடிகட்டிகள் இன்னும் பல குறிகளைச் சேர்த்துப் பார்க்கின்றன. ஆயினும் அடிப்படை, வாய்ப்பைக் கணிப்பதுதான்.

மருத்துவமனைக் கடிதங்கள் ஏன் சிக்குகின்றன?

முதற்காரணம், அவை தோற்றத்தில் விளம்பரத்தை ஒத்திருப்பது. கணினி தானே அனுப்பும் கடிதத்தில் இரண்டு வரிகள் மட்டுமே இருக்கும்; கூடவே ஒரு கோப்போ இணைப்போ இருக்கும். அதே வடிவில் பலருக்கும் ஒரே வேளையில் செல்லும். நோயாளியின் அந்தரங்கத்தைக் காக்க அறிக்கைக்குக் கடவுச்சொல் இட்டு அனுப்பினால், வடிகட்டியால் அதன் உள்ளே பார்க்க இயலாது. பூட்டிய பெட்டியைக் காவலர் ஐயுறுவதுபோல் அதுவும் ஐயுறும்.

இரண்டாவது காரணம், சொற்கள். ‘அவசரம்’, ‘கிளெய்ம்’, ‘கட்டணம்’ ஆகியவை மோசடிக்காரர்களும் விரும்பும் சொற்கள். மருந்துப் பெயர்களும் அத்தகையவை. சில்டெனாஃபில் என்னும் மருந்து ஆண்மைக் குறைவுக்கானது என்று விளம்பரக் கடிதங்களில் பல ஆண்டுகளாக அடிபட்டது. நுரையீரல் இரத்தக் குழாய்களில் அழுத்தம் மிகும் நோய்க்கும் அதே மருந்தை நாங்கள் எழுதுகிறோம். இதயக் குறையோடு பிறந்த குழந்தைகள் சிலருக்கும் அது தேவைப்படுகிறது. அந்தக் குழந்தையின் மருந்துச் சீட்டை, வடிகட்டி விளம்பரமாக எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு.

மூன்றாவது, அனுப்புநரின் அடையாளம். மருத்துவமனையின் பெயரில் கடிதம் அனுப்ப எந்தக் கணினிகளுக்கு உரிமை உண்டு என்பதை மருத்துவமனை இணையத்தில் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். கடிதத்தில் மின்முத்திரையும் இட வேண்டும். வெளி ஆய்வகம் ஒன்று மருத்துவமனையின் பெயரில் அறிக்கை அனுப்பும்போது இந்த ஏற்பாடு இல்லையென்றால், பெறும் சேவை அதனைப் போலி என்று கருதும். 2024ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் கூகுளும் யாகூவும் இவ்விதிகளைக் கடுமையாக்கின. ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் 5,000 அல்லது அதற்கு மேற்பட்ட கடிதங்கள் அனுப்புவோருக்கு இந்த அடையாளங்கள் கட்டாயம். இதைச் சரிசெய்வது அனுப்பும் நிறுவனங்களின் பொறுப்பு. நோயாளி செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

நான்காவது காரணம் உங்கள் கையில் இருக்கிறது. மருத்துவமனையிலிருந்து வரும் செய்தி மடலோ, இலவச முகாம் அறிவிப்போ தொல்லையாகத் தோன்றி, ஒருமுறை ‘ஸ்பேம்’ பொத்தானை அழுத்தியிருக்கலாம். அந்த அனுப்புநர் வேண்டாதவர் என்று வடிகட்டி கற்றுக்கொள்ளும். அடுத்த மாதம் அதே முகவரியிலிருந்து வரும் பரிசோதனை முடிவும் அங்கேயே போகக்கூடும். செய்தி மடல் வேண்டாமென்றால், அதன் அடியில் உள்ள ‘அன்சப்ஸ்கிரைப்’ என்பதைப் பயன்படுத்துங்கள்.

30 நாள் கெடு

ஜிமெயிலில் ஸ்பேம் பெட்டிக்குச் சென்ற கடிதம் 30 நாட்களுக்குப் பின் தானே அழிந்துவிடும். மற்றச் சேவைகளுக்கும் இத்தகைய கெடுக்கள் உண்டு. இந்தக் காலவரையறை மருத்துவச் சிகிச்சையின் காலக்கணக்கோடு மோதும் இடத்தைப் பாருங்கள். பயாப்ஸி எடுத்து, ஆறு வாரம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று கொள்வோம். அறிக்கை பத்தாம் நாள் வந்து ஸ்பேமில் விழுகிறது. நாற்பதாம் நாளோடு அது அழிகிறது. நாற்பத்திரண்டாம் நாள் நோயாளி எங்கள் முன் அமர்ந்து, “ஒன்றும் வரவில்லை ஐயா” என்று சொல்லும்போது தேடிப் பார்க்கவும் அங்கே எதுவும் இருக்காது.

காப்பீட்டிலும் இதே நிலைதான். மருத்துவமனையில் இருக்கும்போது பணமில்லாச் சிகிச்சைக்கான அனுமதியை ஒரு மணி நேரத்துக்குள்ளும், வீடு திரும்பும்போது இறுதி அனுமதியை மூன்று மணி நேரத்துக்குள்ளும் முடிவு செய்ய வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024ஆம் ஆண்டு மே மாதம் அறிவித்தது. ஆனால் முதலில் பணம் கட்டிவிட்டுப் பின்னர் திரும்பக் கோருவோருக்கு, “இந்த ரசீது இல்லை, அந்தச் சான்று வேண்டும்” என்ற கேள்விகள் மின்னஞ்சலில் வரும். பதில் போகாவிட்டால் கோரிக்கை நின்றுவிடும்.

தேதி மாற்றமும் நமது ஊரில் அடிக்கடி நேர்வது. கார்த்திகை தீபம், சித்ரா பௌர்ணமி போன்ற நாட்களில் வெளியூர்ப் பேருந்துகள் நகருக்கு வெளியே தற்காலிக நிலையங்களிலேயே நின்றுவிடும். முதியவரையோ, டயாலிசிஸ் முடிந்து தளர்ந்தவரையோ அங்கிருந்து கூட்டத்தின் நடுவே அழைத்து வருவது பெரும்பாடு. அதற்காகவே தேதி மாற்றி அனுப்பிய கடிதம் ஸ்பேமில் கிடந்தால், பழைய தேதியிலேயே அவர்கள் புறப்பட்டுவிடுவார்கள்.

தொடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

ஸ்பேம் பெட்டியில் தேடுவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கடிதத்தைத் திறந்து படிப்பதால் மட்டும் பெரும்பாலும் தீங்கு நேர்வதில்லை. உள்ளே இருக்கும் இணைப்பைத் தொடுவதும், கோப்பைத் திறப்பதும், கேட்ட விவரங்களைக் கொடுப்பதுமே ஆபத்தானவை. நோயாளியின் குடும்பம் பதற்றத்தில் இருக்கும் என்பதை மோசடிக்காரர்களும் அறிவார்கள்.

அனுப்புநரின் பெயரை மட்டும் பார்க்காதீர்கள். பெயரை யாரும் எழுதிக்கொள்ளலாம். பெயரைத் தொட்டால் முழு முகவரி தோன்றும். அதில் ‘அட்’ குறிக்குப் பின்னால் வருவது மருத்துவமனையின் இணைய முகவரியோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் பெயர், ஓ.பி. எண், பரிசோதனை செய்த தேதி ஆகியவை கடிதத்தில் சரியாக உள்ளனவா என்றும் பாருங்கள்.

பணம் அனுப்பச் சொல்லும் கடிதம், ஓ.டி.பி. எண்ணையோ வங்கிக் கடவுச்சொல்லையோ கேட்கும் கடிதம், ‘ஏபிகே’ என்று முடியும் கோப்பை இறக்கிக்கொள்ளச் சொல்லும் கடிதம் ஆகியவற்றை அப்படியே விட்டுவிடுங்கள். பரிசோதனை முடிவைப் பார்க்க ஓ.டி.பி. எண்ணை எவரிடமும் சொல்ல வேண்டியதில்லை.

ஐயம் தீரவில்லையென்றால் மருத்துவமனையைத் தொலைபேசியில் கேளுங்கள். கடிதத்தில் உள்ள எண்ணுக்கு அழைக்க வேண்டாம், உங்கள் ஓ.பி. சீட்டிலோ டிஸ்சார்ஜ் சம்மரியிலோ அச்சிட்டுள்ள எண்ணுக்கு அழையுங்கள். “இந்தத் தேதியில் இந்த அறிக்கையை அனுப்பினீர்களா?” என்ற ஒரு கேள்வி போதும். மோசடியில் பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும்.

தேடி மீட்கும் முறை

பெரும்பாலோர் பயன்படுத்தும் ஜிமெயிலை வைத்து வழியைச் சொல்கிறோம்.

1. தொலைபேசியில் ஜிமெயில் செயலியைத் திறந்து, மேலே இடப்பக்கம் உள்ள மூன்று கோடுகளைத் தொடுங்கள். வரும் பட்டியலில் கீழே சென்றால் ‘ஸ்பேம்’ என்ற பெட்டி இருக்கும். கணினியில் இடப்பக்கப் பட்டியலில் ‘மோர்’ என்பதை அழுத்தினால் அது தோன்றும்.

2. மருத்துவமனை, ஆய்வகம், காப்பீட்டு நிறுவனம் ஆகியவற்றின் பெயர்களைத் தேதிவாரியாகப் பாருங்கள். பரிசோதனை கொடுத்த நாளிலிருந்து இன்றுவரை பார்த்தால் போதும்.

3. மேலே சொன்னவாறு சரிபார்த்து, உண்மையான கடிதம் என்று உறுதியானால், அதைத் திறந்து ‘நாட் ஸ்பேம்’ என்ற பொத்தானை அழுத்துங்கள். தொலைபேசியில் அது கண்ணில் படாவிட்டால், மேலே வலப்பக்கம் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டால் கிடைக்கும். கடிதம் இன்பாக்ஸுக்கு வந்துவிடும். வடிகட்டியும் தன் கணிப்பைத் திருத்திக்கொள்ளும்.

4. அனுப்புநரின் முகவரியைத் தொடர்பு எண்கள் வைத்திருக்கும் பட்டியலில் சேமியுங்கள். தெரிந்தவரிடமிருந்து வரும் கடிதத்தை வடிகட்டி எளிதில் ஒதுக்காது. கணினி வைத்திருப்போர் அமைப்புகளில் உள்ள ‘ஃபில்டர்’ பகுதியில், அந்த முகவரிக் கடிதங்களை ஒருபோதும் ஸ்பேமுக்கு அனுப்ப வேண்டாம் என்று கட்டளையிடலாம்.

5. அறிக்கையைத் தொலைபேசியில் சேமித்து, ஒரு படி அச்செடுத்துக் கோப்பில் வையுங்கள்.

இங்கே பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ஜிமெயிலின் தேடல் கட்டத்தில் மருத்துவமனையின் பெயரை இட்டுத் தேடி, ஒன்றும் கிடைக்கவில்லை என்று விட்டுவிடுகிறார்கள். வழக்கமான தேடல் ஸ்பேம் பெட்டிக்குள்ளும் அழித்தவற்றின் பெட்டிக்குள்ளும் பார்ப்பதில்லை. கணினியில் தேடல் கட்டத்தின் ஓரத்தில் உள்ள குறியை அழுத்தி, எங்கே தேடுவது என்ற இடத்தில் ‘மெயில் அண்ட் ஸ்பேம் அண்ட் டிராஷ்’ என்பதைத் தெரிவு செய்தால் எல்லாப் பெட்டிகளிலும் தேடும். ‘புரமோஷன்ஸ்’, ‘அப்டேட்ஸ்’ என்ற பிரிவுகளையும் பார்த்துவிடுங்கள்; கடிதம் ஸ்பேமுக்குப் போகாமல் அங்கே இருக்கக்கூடும். யாகூவில் பெட்டியின் பெயர் ஸ்பேம். அவுட்லுக்கில் ‘ஜங்க் இமெயில்’. முறை ஏறக்குறைய ஒன்றே.

ஸ்பேம் பெட்டியிலும் இல்லையென்றால்

அப்போது கடிதம் உங்கள் முகவரிக்கே வந்து சேரவில்லை என்று பொருள் கொள்ளலாம். அதற்குப் பொதுவாக இரண்டு காரணங்கள் உண்டு.

ஒன்று, இடமின்மை. கூகுள் கணக்கில் இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி இடம். ஒளிப்படங்களும் மற்றக் கோப்புகளும் அதே இடத்தைப் பங்கிடுகின்றன. திருமண வீடியோக்களால் அது நிறைந்துவிட்டால் புதிய மின்னஞ்சல் உள்ளே வராது, அனுப்பியவருக்கே திரும்பிவிடும். தேவையற்ற வீடியோக்களை அழித்து இடம் உண்டாக்கிவிட்டு, மீண்டும் அனுப்பச் சொல்ல வேண்டும்.

மற்றொன்று, முகவரி. தொலைபேசி வாங்கிய கடையில் யாரோ உருவாக்கிக் கொடுத்த முகவரி, சென்னையில் இருக்கும் அக்காள் மகனின் முகவரி, விண்ணப்பம் நிரப்பிய கணினி மையத்தின் முகவரி என்று பதிவேடுகளில் பலவிதமாக இருப்பதைப் பார்க்கிறோம். அறிக்கை சரியாகவே சென்றிருக்கும்; சென்ற இடம் வேறாக இருக்கும். மருத்துவ அறிக்கை அந்தரங்கமானது. கருவுற்ற செய்தியோ, மனநல மருந்துச் சீட்டோ, எச்.ஐ.வி. முடிவோ கடைக்காரர் கண்ணில் படுவது நோயாளிக்குப் பெருந்துன்பமாகலாம். முகவரி யாருடையதாக இருக்க வேண்டும் என்பதை நோயாளியே முடிவு செய்ய வேண்டும். பார்க்கத் தெரியாத முதியவர், தாம் நம்பும் ஒருவரின் முகவரியைத் தெரிந்தே கொடுக்கலாம். அவ்வாறு கொடுத்தால், “என் அறிக்கை உனக்கு வரும், பார்த்துச் சொல்” என்று அவரிடமும் சொல்லி வைக்க வேண்டும்.

கடிதம் அழிந்துபோயிருந்தாலும் அறிக்கை அழிவதில்லை. மின்னஞ்சலில் சென்றது ஒரு படிதான். மூலம் மருத்துவமனையிலும் ஆய்வகத்திலும் இருக்கும். உள்நோயாளிகளின் மருத்துவப் பதிவுகளை மூன்று ஆண்டுகள் காக்க வேண்டும் என்றும், நோயாளியோ அவர் அனுமதித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் வழங்க வேண்டும் என்றும் 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் கூறுகின்றன. ஆகவே கேட்கத் தயங்க வேண்டாம். அது உங்கள் உரிமை.

வீடு திரும்பும் முன் கேட்க வேண்டியவை

உயிருக்கு உடனடி ஆபத்தைக் காட்டும் முடிவுகளை, அதாவது பொட்டாசியம் மிக உயர்ந்திருப்பது, இரத்தத்தில் கிருமி வளர்வது போன்றவற்றை, ஆய்வகம் மருத்துவரிடம் தொலைபேசியிலேயே தெரிவிப்பது வழக்கம். மருத்துவர் உங்களை அழைப்பார். அதற்காகவே நீங்கள் கொடுக்கும் தொலைபேசி எண் சரியாக இருக்க வேண்டும். அத்தகைய அவசரம் இல்லாத, ஆனால் முக்கியமான முடிவுகளே மின்னஞ்சலை நம்பிச் செல்கின்றன. அவற்றுக்காக, டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் நான்கு கேள்விகளைக் கேட்டு, விடையைச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

எந்தெந்தப் பரிசோதனைகளின் முடிவு இன்னும் வரவேண்டும்? ஒவ்வொன்றும் எந்தத் தேதிக்குள் வரும்? எந்த மின்னஞ்சல் முகவரியிலிருந்து வரும்? அந்தத் தேதியில் வராவிட்டால் எந்த எண்ணுக்கு அழைக்க வேண்டும்?

சொன்ன தேதி கடந்தும் அறிக்கை வரவில்லையென்றால், அடுத்த நாளே ஸ்பேம் பெட்டியைப் பாருங்கள். அங்கும் இல்லையென்றால் அன்றே அழையுங்கள். அடுத்த ஓ.பி. நாள் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். சிகிச்சையில் இருப்பவர் வீட்டில், வாரம் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை காலையிலாவது ஒருவர் ஸ்பேம் பெட்டியைப் பார்ப்பதை வழக்கமாக வைத்துக்கொள்ளலாம். ஐந்து நிமிட வேலைதான். பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் இதில் பெரியவர்களுக்கு நன்கு உதவுவார்கள். ஆனால் எது உண்மைக் கடிதம் என்று முடிவு செய்வதையும், அறிக்கையைப் படிப்பதையும் பெரியவர்களே செய்ய வேண்டும்.

அறிக்கை கிடைத்த பிறகு, அதில் ஓர் எண் தடித்த எழுத்தில் இருப்பதைக் கண்டு அஞ்சி இணையத்தில் தேட வேண்டாம். எல்லாம் சரியாக இருப்பதாக நினைத்து மறுபரிசோதனைக்கு வராமலும் இருக்க வேண்டாம். அந்த முடிவுக்கு உங்கள் உடல்நிலையில் என்ன பொருள் என்பதைச் சொல்வது எங்கள் பணி. அடுத்த முறை வரும்போது, பதிவு செய்யும் இடத்தில் உங்கள் பெயருக்கு எதிரே உள்ள மின்னஞ்சல் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் ஒருமுறை வாசித்துக் காட்டச் சொல்லி, தவறிருந்தால் அங்கேயே திருத்திக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.